தோட்டத்து ரயிலுக்கு எந்த டிஜிட்டல் முறை? வாங்குமுன் ஒரு கணக்கு

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த எங்கள் தலைமுறை, இப்போது ஓய்வூதியக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வயதை நெருங்கிவிட்டது. வீட்டுக் கடன் முடியும் தறுவாயில் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னாலுள்ள துண்டுக் காணியில் இதுவரை கத்தரியும் மிளகாயும் வைத்தவர்களில் ஒருசிலர், அதன் ஓரமாகத் தண்டவாளமும் போடத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்களும் அவர்களில் அடக்கம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரே பாதையைப் போட்டு, பொதுக் கணக்கு ஒன்று வைத்து நடத்துகிறோம்.

இதில் இறங்க நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, எந்த டிஜிட்டல் கருவி வாங்கினீங்கள்?" கேட்க வேண்டிய கேள்விதான். இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. தெரிவு பிழைத்தால் ஆயிரக்கணக்கான யூரோ முடங்கிப்போகும். ஆனால் எங்கள் பதில் கருவியின் பெயரில் தொடங்குவதில்லை. கடைக் கண்ணாடிக்குள் மின்னிக்கொண்டிருக்கும் அந்தக் கருவி, மொத்தக் கணக்கில் ஒரு வரி மாத்திரமே. அதைவிடப் பெரிய வரி எஞ்சின்களின் வயிற்றுக்குள் இருக்கிறது. எதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எதை மாற்றவே முடியாது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால், பெயரைத் தெரிவது சுலபம்.

சின்ன ரயிலும் பெரிய ரயிலும்

கடைகளில் நாம் காணும் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை இங்கே 'ஹா-நுல்' என்று சொல்லப்படும் அளவைச் சேர்ந்தவை. உண்மையான ரயிலை 87 மடங்கு சுருக்கிச் செய்தவை அவை. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். ஹம்பேர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாந்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றவர்கள் அங்கே பார்த்தது இந்த அளவைத்தான்.

தோட்டத்தில் ஓடுவது வேறு வகை. நூர்ன்பேர்க்கில் இருந்த எர்ன்ஸ்ட் பவுல் லேமன் நிறுவனம் 1968இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் அதை அறிமுகப்படுத்தியது. தண்டவாள அகலம் 45 மில்லிமீற்றர், சுருக்கம் 22.5 மடங்கு. அல்ப்ஸ் மலைப் பக்கங்களில் மீற்றர் அகலப் பாதையில் ஓடும் ரயில்களின் பிரதிகள் இவற்றில் அதிகம். மழையிலும் பனியிலும் தண்டவாளம் வெளியிலேயே கிடக்கும்.

87ஐ 22.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 வரும். நீளத்தில் 4 மடங்கு, அகலத்தில் 4 மடங்கு, உயரத்தில் 4 மடங்கு என்று பெருக்கினால், பருமனில் ஏறக்குறைய 60 மடங்கு. இத்தனை பெரிய உடலை இழுக்கும் மோட்டரும் பெரிதாகவே இருக்கும், அது குடிக்கும் மின்சாரமும் கூடவே இருக்கும். டிஜிட்டல் கருவிகளில் பல சின்ன ரயிலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பெரிய ரயிலுக்கு வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இடாப்புக் கூப்பிடுவது போல

பழைய அனலொக் முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்ற்றைக் கூட்டினால் ரயில் வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாகும், முனைகளை மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கிப் போகும். தண்டவாளத்தில் நிற்கும் எஞ்சின்கள் எல்லாமே ஒரே கட்டளைக்குச் சேர்ந்து ஓடும். இரண்டு ரயில்களைத் தனித்தனியே ஓட்டவேண்டுமானால், பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வயரும் சுவிட்சும் வைக்க வேண்டும்.

டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ற்றும் இருக்கும். அதன் மேலேயே கட்டளையும் பயணம் செய்யும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு மின்பலகை உண்டு. அதற்கென்று ஓர் இலக்கம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் இடாப்புக் கூப்பிட்டதை நினைத்துப் பாருங்கள். பெயர் முழு வகுப்புக்கும் கேட்கும், ஆனால் பெயருக்குரிய பிள்ளை மாத்திரமே எழுந்து "வந்தேன்" என்று சொல்லும். இங்கேயும் மத்திய கருவி "7ஆம் இலக்கம், இந்த வேகத்தில் முன்னே போ" என்று சொல்வது எல்லா எஞ்சின்களுக்கும் கேட்கும். 7ஆம் இலக்கம் மாத்திரமே அசையும்.

இந்தப் பேச்சுக்கு ஒரு மொழி வேண்டும். இன்று உலகில் மிகப் பரவலாகப் பேசப்படுவது டி.சி.சி. என்ற மொழி. ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் எண்பதுகளின் இறுதியில் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தொண்ணூறுகளில் அதைப் பொது நியமமாக்கியது. தண்டவாளத்தின் முனைகள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மாறி மாறிக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பாதி அலையும் 58 மைக்ரோசெக்கன் நீடித்தால் அது '1', 100 மைக்ரோசெக்கனோ அதற்கு மேலோ நீடித்தால் '0'. டிகோடர் அந்த நேரத்தை அளந்து கட்டளையை வாசிக்கிறது. அதே மின்சாரத்தைச் சீராக்கி மோட்டருக்கும் விளக்குக்கும் கொடுக்கிறது.

முதற்கணக்கு: எத்தனை அம்பியர்?

ஒரு கடை தொடங்குபவர் மாத வாடகையைக் கணக்குப் பார்க்காமல் பெயர்ப்பலகை எழுதப் போவதில்லை. இங்கே வாடகை என்பது அம்பியர். எங்கள் பாதையில் அளந்து எழுதிய கணக்கு இது.

ஒரே நேரத்தில் ஓடும் எஞ்சின்கள் 3, ஏற்றத்தில் பெட்டிகளை இழுக்கும்போது ஒவ்வொன்றும் 1.5 அம்பியர்: 4.5. புகை விடும் கருவி 2, ஒவ்வொன்றும் 0.2: 0.4. பழைய இழை பல்ப் எரியும் பயணிகள் பெட்டி 6, ஒவ்வொன்றும் 0.1: 0.6. ஓடாமல் நின்று விளக்கெரிக்கும் எஞ்சின் 3, ஒவ்வொன்றும் 0.1: 0.3. மொத்தம் 5.8 அம்பியர். இதற்கு மேல் கால்பங்கு ஒதுக்கு வைத்தால் 7.25. ஆகவே எங்களுக்கு 8 அம்பியர் தரக்கூடிய கருவி வேண்டியிருந்தது.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அம்பியர் மானி ஒன்றை வாங்கி, முழுப் பெட்டிகளையும் கொழுவி, ஏற்றத்தில் ஓடவிட்டு, நீங்களே அளந்து பாருங்கள். செலவைக் குறைக்கவும் வழி உண்டு. பெட்டிகளின் இழை பல்ப்புகளைக் கழற்றி எல்.ஈ.டி. போட்டால் அந்த 0.6 அம்பியரில் பெரும்பகுதி மிச்சம்.

இந்த எண் கையில் வந்த பிறகு கடைக்குப் போகலாம். ரோக்கோவின் சாதாரண இசட்-21 ஏறத்தாழ 3 அம்பியர் தரும். சின்ன ரயிலுக்கு அது தாராளம், பெரிய ரயிலில் ஒன்றிரண்டுக்குத்தான் காணும். மேர்க்லினின் சென்ட்ரல் ஸ்டேஷன் 3 தருவது 5 அம்பியர். இசட்-21 எக்ஸ்.எல்., ஈ.எஸ்.யு. நிறுவனத்தின் ஈகோஸ் ஆகியவை 6 அம்பியர் வகுப்பைச் சேர்ந்தவை. தோட்டத்து ரயிலையே முக்கிய தொழிலாகக் கொண்ட மாசோத் நிறுவனத்தின் டிமாக்ஸ் 1210 என்ற கருவி 12 அம்பியர் தரும். வியன்னாவின் சீமோ நிறுவனம் செய்யும் எம்.எக்ஸ்.10 ஒரு வழியில் 12, மறு வழியில் 8 என்று இரண்டு பாதைகளுக்குத் தரும். ஒரு சுற்றுப் பாதையில் இரண்டு ரயில்கள் ஓடினால் போதும் என்பவர்களுக்கு 5 அல்லது 6 அம்பியர் காணும். மூன்று, நான்கு ரயில்கள் சேர்ந்து ஓடவேண்டும், நீண்ட ஏற்றம் உண்டு என்பவர்கள் 8க்கு மேல் போகவேண்டும். சின்னக் கருவியை வாங்கிவிட்டு, பின்னர் பூஸ்டர் எனப்படும் துணைக் கருவியைச் சேர்த்துப் பாதையின் ஒரு பகுதியை அதற்குக் கொடுப்பதும் நடைமுறையில் உள்ள வழிதான்.

அதிகம் என்றால் எப்போதும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. 20 வோல்ற்றில் 12 அம்பியர் என்றால் 240 வாற்று. ஈயம் பற்றவைக்கும் சாதாரண கோல் ஒன்றுக்கு 40 வாற்றே போதும். ஒரு சக்கரம் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுவிட்டால், அத்தனை சக்தியும் எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய வயரால் ஓடப் பார்க்கும். நல்ல கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னைத் துண்டித்துவிடும். உச்ச அளவைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 12 அம்பியர் கருவியை 8இல் கட்டி வைத்து ஓட்டுவது நிம்மதி.

பாதை நன்றாக இருந்தால்தான்

எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாத ஒன்று, மோசமான பாதை. எல்.ஜி.பி.யின் வழமையான நேர்த் தண்டவாளம் ஒன்றின் நீளம் 30 சென்ரிமீற்றர். 15 மீற்றர் தூரத்துக்குள் 50 பொருத்துகள் வரும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 100. ஒவ்வொரு பொருத்திலும் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே மொத்தம் 1 ஓம் ஆகிவிடும். அதனூடாக 3 அம்பியர் போனால் 3 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். மழையும் பச்சைப் பாசியும் சேர்ந்த மூன்றாம் வருடத்தில் அந்தத் தடை கூடத்தான் செய்யும்.

வேகம் குறைவது மாத்திரம் பிரச்சினை அல்ல. பாதையின் கடைசியில் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'சோட்' ஆனால் 20 வோல்ற்றை 2ஆல் வகுத்து 10 அம்பியர்தான் ஓடும். 12 அம்பியர் கருவிக்கு அது சாதாரண பாரம் போலவே தெரியும். அது துண்டிக்காமல் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், அங்கே எஞ்சின் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆகவே பொருத்துகளுக்குத் திருகாணி போட்டு இறுக்கும் கவ்விகளைப் போடுங்கள். தடித்த செம்பு வயரை இழுத்து ஐந்தாறு மீற்றருக்கு ஓரிடத்தில் மின்னைக் கொடுங்கள். பிறகு மிகத் தூரமான இடத்தில் ஒரு ஸ்பனரை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். கருவி உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அந்தப் பாதையில் பேரப்பிள்ளையின் கையில் ரயிலைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 230 வோல்ற் சுவர் மின்சாரத்தோடு தொடர்புள்ள எந்தக் கருவியும் மழை படாத இடத்தில், வீட்டுக்குள் இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போவது குறைந்த வோல்ற் மாத்திரமே.

நிறுவனம் விழலாம், மொழி நிற்கும்

வர்த்தகம் படித்தவர்களுக்குத் 'தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு' நினைவிருக்கும். ஒரு நிறுவனம் நாளையும் இயங்கும் என்ற நம்பிக்கையில்தான் அதன் ஐந்தொகையை எழுதுகிறோம். மாதிரி ரயில் வாங்குபவர் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும்.

எல்.ஜி.பி.யை உருவாக்கிய லேமன் நிறுவனம் 2006இல் முறிந்தது. 2007இல் அந்தப் பெயரை மேர்க்லின் வாங்கியது. 1859இல் தொடங்கிய மேர்க்லினே, தனது 150ஆவது ஆண்டான 2009இன் பெப்ரவரியில் முறிவுக்கு விண்ணப்பித்தது. பின்னர் நிமிர்ந்து, 2013இல் சிம்பா-டிக்கி விளையாட்டுப் பொருள் குழுமத்தை நடத்தும் குடும்பத்தின் கைக்கு மாறியது. ஏழு வருடங்களுக்குள் இத்தனையும் நடந்தன.

அந்த வருடங்களில் எல்.ஜி.பி. வாங்கி வைத்திருந்தவர்களின் எஞ்சின்கள் என்னவாகின? இன்றும் ஓடுகின்றன. காரணம், எல்.ஜி.பி.யின் பழைய டிஜிட்டல் முறையான எம்.டி.எஸ். அடிப்படையில் டி.சி.சி. மொழியையே பேசியது. நிறுவனம் கைமாறிய பிறகும், வேறு நிறுவனங்களின் கருவிகள் அந்த எஞ்சின்களோடு பேச முடிந்தது. ஆகவே எங்கள் முதல் விதி: எஞ்சினுக்குள் போகும் டிகோடர் டி.சி.சி. பேசத்தான் வேண்டும். மேர்க்லினுக்கு எம்.எஃப்.எக்ஸ். என்ற தனிமொழி உண்டு. அதில் எஞ்சின் தானாகவே தன்னைக் கருவியிடம் பதிந்துகொள்ளும், வசதிதான். இப்போது வரும் டிஜிட்டல் எல்.ஜி.பி. எஞ்சின்களில் இரண்டு மொழியும் தெரிந்த டிகோடர் இருப்பதால் அதைப்பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஒரே நிறுவனத்தின் மொழியை மாத்திரமே பேசும் டிகோடரைத்தான் தவிர்க்க வேண்டும்.

பழைய சாமான் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. முதற்கால எம்.டி.எஸ். மத்திய கருவிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் வேகப் படிகள் 14தான். இன்றைய கருவிகளில் 128. ஒலி, விளக்கு போன்ற கட்டளைகளையும் அவை பழைய முறையில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்பும். பழைய எஞ்சினை வாங்கலாம், பழைய மத்திய கருவியை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

நியமம் எங்கே முடிகிறது?

விற்பவர்கள் அதிகம் சொல்லாத விடயம் ஒன்று உண்டு. டி.சி.சி. என்ற பொது நியமம் தண்டவாளத்தோடு நின்றுவிடுகிறது. மத்திய கருவிக்கும் எஞ்சினுக்கும் இடையில் அது ஆட்சி செய்யும். மத்திய கருவிக்கும் உங்கள் கையிலிருக்கும் கைக்கருவிக்கும் இடையில் ஆட்சி செய்வது அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறை. லென்ஸ் உருவாக்கியது எக்ஸ்பிரஸ்நெற், அமெரிக்காவின் டிஜிட்ராக்ஸ் உருவாக்கியது லோக்கோநெற். மாசோத், சீமோ, ஈ.எஸ்.யு. ஆகியவற்றுக்கும் தனித்தனி முறைகள். ஒன்றின் கைக்கருவியை மற்றதன் மத்திய கருவியில் செருகலாம் என்று நம்பிக் காசைக் கொடுக்கக் கூடாது.

இதைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். இவை கடை விலைகள் அல்ல, முறையைக் காட்டுவதற்கான உருண்டை எண்கள்.

எட்டு எஞ்சின்களுக்கு ஒலியுடன் கூடிய டிகோடர், ஒன்று 150 யூரோ வீதம் 1200. மத்திய கருவியும் மின்வழங்கியும் 700. கைக்கருவி இரண்டு 300. வயர், கவ்வி 300. மொத்தம் 2500 யூரோ.

ஐந்து வருடத்தில் மத்திய கருவி பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதையும் கைக்கருவிகளையும் பாதி விலைக்கு விற்றால் நட்டம் 500. எஞ்சின்கள் அப்படியே இருக்கும். ஆனால் மொழியே பிழைத்துவிட்டால், 500க்கு மேல் இன்னும் 1200 போகும். எட்டு எஞ்சின்களையும் ஒவ்வொன்றாகத் திருகாணி கழற்றி, வயர்களைப் பிரித்து, புதிய டிகோடர் வைக்க எட்டு மாலைப்பொழுதாவது போகும். மத்திய கருவிக்குப் பெறுமானத் தேய்வு உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். டிகோடரில் போட்ட பணம் எஞ்சினோடு ஒட்டிவிட்டது, அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், அதாவது டிகோடருக்கு, நல்ல பொருளை வாங்குங்கள். அந்தப் பக்கம் கைக்கருவி, துணைக்கருவி என்று தேவைக்கு மேல் அடுக்காதீர்கள்.

பற்றரியில் ஓட்டலாமா?

தண்டவாளத்தைத் துடைக்கவே நேரம் போகிறது என்று சலித்தவர்கள் எஞ்சினுக்குள் பற்றரியும் வானொலி வாங்கியும் வைத்து ஓட்டுகிறார்கள். பாதையில் மின்சாரமே தேவையில்லை. பாசி, இலை, பொருத்து எதுவும் தொந்தரவு அல்ல. ஓரிரு எஞ்சின்களோடு நிற்பவர்களுக்கும், மர நிழலில் நீண்ட பாதை போட்டவர்களுக்கும் இது நல்ல வழி.

கணக்கு மாறுவது எஞ்சின்களின் தொகை கூடும்போது. ஒவ்வொன்றுக்கும் பற்றரி வேண்டும், பற்றரிக்கு வயது உண்டு, சின்ன எஞ்சினில் அதற்கு இடமும் இல்லை. தண்டவாள மின்சாரத்தோடு இருக்க விரும்புபவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. டிகோடரோடு ஒரு கொள்ளளவியைச் சேர்த்துவிட்டால், அழுக்குப் பட்ட இடத்தை ஒன்றிரண்டு நொடி சேமித்த மின்னில் கடந்துவிடலாம்.

கையில் எது?

தோட்டத்தில் ஓட்டுபவர் மேசைக்கு முன்னால் இருப்பதில்லை. ரயிலோடு நடப்பார், தடம் புரண்டால் குனிவார், கையில் மண் இருக்கும். கைத்தொலைபேசியில் ஓட்டும் செயலிகள் பல கருவிகளுக்கு உண்டு, செலவும் குறைவு. ஆனால் வெயிலில் திரை தெரியாது, ஈரக் கைக்குத் திரை அசையாது, அவசரத்துக்கு நிறுத்தப் போனால் அழைப்பு ஒன்று வந்து நிற்கும். திருகும் குமிழும் சிவப்பு நிறுத்தப் பொத்தானும் உள்ள வயரில்லாத கைக்கருவி ஒன்றாவது இருக்க வேண்டும். குமிழைக் கை அறியும், கண் ரயிலில் இருக்கலாம். கடையில் கேட்டு, அந்தக் கைக்கருவியை அம்மாவின் கையிலும் பத்து வயதுப் பிள்ளையின் கையிலும் கொடுத்துப் பாருங்கள். இருவரும் ஐந்து நிமிடத்தில் ஓட்டினால் அது நல்ல கருவி.

தடம்மாற்றிகளை முதல் வருடமே டிஜிட்டல் ஆக்கத் தேவையில்லை. கையால் தள்ளினாலும் வேலை நடக்கும். விதிவிலக்கு, ரயில் ஒரு வளையத்தைச் சுற்றி அதே பாதையில் திரும்பி வரும் அமைப்பு. அங்கே இடத் தண்டவாளமும் வலத் தண்டவாளமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தானாக முனையை மாற்றிக் கொடுக்கும் வளையக் கருவி ஒன்றை அதற்கு வாங்கத்தான் வேண்டும்.

ஒரு கொப்பி

டிகோடருக்குள் இலக்கமிட்ட சிறு அறைகள் உண்டு. சி.வி. என்பார்கள். 1ஆம் சி.வி.யில் எஞ்சினின் இலக்கம், 2இல் புறப்படும் வோல்ற், 3இல் வேகமெடுக்கும் நிதானம், 4இல் வேகம் குறையும் நிதானம். கடையிலிருந்து வரும் டி.சி.சி. டிகோடருக்கு வழமையாக இலக்கம் 3. இரண்டு புதிய எஞ்சின்களை வாங்கி அப்படியே வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஆகவே ஒவ்வொன்றாக வைத்து இலக்கத்தை மாற்ற வேண்டும்.

மாற்றிய ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள். எஞ்சினுக்கு ஒரு பக்கம்: டிகோடரின் பெயர், இலக்கம், மாற்றிய சி.வி., மாற்றிய திகதி, எந்தப் பொத்தானுக்கு எந்த ஒலி. எங்கள் கொப்பியில் இதைப் பேரேடு போலவே கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

அந்தக் கொப்பியின் பெறுமதி எங்களுக்குத் தெரியவந்தது ஒரு துயரத்தோடுதான். எங்கள் நால்வரில் மூத்தவர் இப்போது இல்லை. அவர் கொடிகாமத்தில் யாழ்தேவி ஏறிக் கொழும்புக்குப் படிக்கப் போனவர். 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் வடக்குப் பாதை அடைபட்டதோடு யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014இல் மறுபடி வந்த அந்த ரயிலை அவர் திரும்பப் பார்க்கவில்லை. தோட்டத்தில் அதையே ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் ஊர்ப் பாதை ஐந்தரை அடி அகலம். 45 மில்லிமீற்றர் தண்டவாளத்துக்கு அதைச் சுருக்கினால் 37 மடங்கு வரும். அப்படி ஒரு யாழ்தேவி எந்தக் கடையிலும் இல்லை.

அவர் உருவத்தை விட்டுவிட்டுச் சத்தத்தைத் தேடினார். யாழ்தேவியை இழுத்த எம்-2 வகை எஞ்சின்கள், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தவை. அவற்றில் பல கனடாவின் மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியவை. ஜெனரல் மோட்டோர்ஸின் ஜி-12 வகை அது, உள்ளே 567 வரிசை டீசல் இயந்திரம். அதே வரிசை இயந்திரம் வட அமெரிக்க எஞ்சின்கள் பலவற்றிலும் இருந்ததால், அதன் ஒலி டிகோடர்களுக்குக் கிடைக்கிறது. அவர் அதை ஓர் அமெரிக்க எஞ்சினுக்குள் ஏற்றி, ஊதும் ஒலியை 2ஆம் பொத்தானில் வைத்தார்.

அந்த எஞ்சின் இப்போது வேறு நகரத்தில் இருக்கும் அவருடைய மகளிடம் இருக்கிறது. அவள் வாங்கிய மத்திய கருவி வேறு நிறுவனத்தினுடையது. நாங்கள் கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினோம். இலக்கத்தை அடித்தாள், எஞ்சின் உறுமிப் புறப்பட்டது. டிகோடர் ஒரு நிறுவனத்தின் தனிமொழியில் இருந்திருந்தால், அவளிடம் அது அலுமாரிக்குள் வைக்கும் சாமானாகத்தான் இருந்திருக்கும்.

வாங்கும் ஒழுங்கு

எங்கள் அனுபவத்தில் ஒழுங்கு இதுதான். முதலில் பாதை: தண்டவாளம், கவ்வி, தடித்த வயர். ஒரு பழைய அனலொக் மின்வழங்கியை வைத்து ஒரு கோடைகாலம் ஓட்டிப் பாருங்கள். ஆசை நிலைக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, அம்பியர் அளந்து எழுதுவது. மூன்றாவது, டி.சி.சி. பேசும் நல்ல டிகோடர், ஓட்டப்போகும் எஞ்சின்களுக்கு மாத்திரம். நான்காவதாகத்தான் மத்திய கருவி. அதைக் கீழ்க்காணும் நான்கு கேள்விகளோடு தெரியுங்கள்: எங்கள் அம்பியர் கணக்குக்குக் காணுமா? உச்ச அளவைக் குறைத்து வைக்கலாமா? குமிழ் உள்ள கைக்கருவி இருக்கிறதா? பழுதானால் திருத்திக் கொடுக்க நாம் இருக்கும் நாட்டில் ஆள் இருக்கிறதா? நான்குக்கும் 'ஓம்' என்று பதில் வரும் கருவிகளில் எது மலிவோ அதை வாங்கலாம். பெயரைப் பற்றிப் பிறகு யோசிக்கத் தேவையில்லை.

ஐந்தாவது செலவு ஒன்றரை யூரோ. கோடு போட்ட கொப்பி ஒன்று. முதல் எஞ்சினை வைக்கும் நாளிலேயே தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் எழுதத் தொடங்குங்கள். உங்களுக்குப் பிறகு ஓட்டப்போகிறவர்களுக்கு எந்த மொழி சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்.